கதவுக்கு வெளியே ஆறாவது ஆள்

கணக்காளர் தேர்வை நடத்தும் குழுவில் அவளுக்கு ‘அடிக்குறிப்பு மேடம்’ என்று பெயர். எத்தனை பக்க அறிக்கையைக் கொடுத்தாலும், அடியில் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் படிப்பாள். சின்ன ஆடிட்டர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரே உறுப்பினர் அவள்தான். மற்றவர்கள் எல்லாம் பெரிய நிறுவனங்களின் பங்குதாரர்கள். ஒரு மாணவன் கட்டும் தேர்வுக் கட்டணம் அவர்களுக்கு ஒரு வேளை ஓட்டல் பில்.

அன்று காலையிலிருந்தே அவளுக்குப் பயம். கட்டணத்தை ஒன்றரை மடங்காக ஏற்றும் தீர்மானம் வரப்போகிறது. கை தூக்கி நிறைவேற்றிய நிமிடத்திலிருந்தே அமல். கம்ப்யூட்டரில் தேர்வு நடத்திக் கொடுக்கும் கம்பெனி விலையை ஏற்றிவிட்டது, நாம் என்ன செய்ய முடியும் என்பது தலைவரின் வாதம். கம்பெனி ஏற்றியது கொஞ்சம், அதன் தலையில் குழு ஏற்றிக்கொண்டதுதான் அதிகம் என்று ஓர் அடிக்குறிப்பு சொன்னது. அதைக் கேட்டுவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

இடைவேளையில் டீயோடு ஜன்னலோரம் நின்றபோது தலைவர் பக்கத்தில் வந்தார். நரைத்த தலை, தாழ்ந்த குரல். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

“தம்பிக்குக் கடைசி பேப்பராமே மேடம்?”

அவளுக்குத் திக்கென்றது. “ஆமா சார். அவன் பேர் பதிஞ்சப்பவே உங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டேனே.”

“குடுத்தீங்க, நான் இல்லேங்கல. ஆனா பாருங்க, குழுவுல அக்கா, பரீட்சையில தம்பி. நாளைக்கு எவனாவது ஒரு புகார் தட்டிவிட்டா, ரிசல்ட்டை நிறுத்தி வெச்சு விசாரிக்கணும். விசாரணைன்னா உங்களுக்கே தெரியும், லேசுல முடியாது.” நிதானமாக ஒரு வாய் குடித்தார். “கட்டணம் பத்திப் பேசறப்ப நீங்க வெளிய இருந்துட்டா எல்லாருக்கும் நல்லது. விதியும் அதுதானே?”

விதி அதுதான். உறவினர் தேர்வு எழுதினால், தேர்வு விஷயம் பேசும்போது உறுப்பினர் அறையில் இருக்கக் கூடாது. போன கூட்டத்தில் அவளே எழுந்து, போகட்டுமா என்று கேட்டாள். “அட உக்காருங்க மேடம், ஆறு பேர் இல்லேன்னா கூட்டமே செல்லாது” என்று இதே மனிதர்தான் உட்கார வைத்தார். அப்போது தூங்கிய விதி, அவள் கேள்வி கேட்கப்போகிறாள் என்றதும் சோம்பல் முறித்து எழுந்துவிட்டது.

புகாரை எவன் தட்டிவிடுவான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

தம்பி பகலெல்லாம் பம்பு விற்கும் கடையில் கணக்கெழுதுகிறான். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே படித்து மூன்று பேப்பர் தேறினான். இந்த வருஷக் கடைசிக்குள் நான்காவதும் வராவிட்டால் முன்னே தேறிய மூன்றும் காலாவதி. அவனைத் தோற்கடிக்கக்கூட வேண்டாம், ரிசல்ட்டை நிறுத்தி வைத்தாலே போதும்.

கூட்டம் மறுபடி கூடி, தீர்மானத்தின் பெயரைத் தலைவர் வாசித்ததும் அவள் எழுந்தாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திடீரென்று எல்லோருக்கும் எதிரே இருந்த காகிதம் அவ்வளவு சுவாரசியமாகிவிட்டது. கேட்க வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவமானமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கண்ணாடிக் கதவு வழியே உள்ளே எல்லாம் தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. தலைவரின் உதடுகள் அசைந்தன. கைகள் உயர்ந்தன. பயம் வந்தால் எதையாவது எண்ணுவது அவள் வழக்கம். மாடிப்படி, ஜன்னல் கம்பி, ஏதாவது. கைகளை எண்ணினாள்.

ஐந்து.

தலைகளை எண்ணினாள். அதுவும் ஐந்து. குழுவில் மொத்தம் ஒன்பது பேர். ஒருவர் வெளிநாட்டில், ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் மகள் கல்யாண வேலையில். காலையில் அவளையும் சேர்த்து ஆறு என்று குறித்துக்கொண்டார்கள், அத்தோடு மறந்தார்கள். ஊரார் கணக்கைத் துருவித் துருவிப் பார்க்கும் இந்தப் பெரிய மனிதர்கள், தங்கள் தலையை இரண்டாம் முறை எண்ணவில்லை!

சிரிப்பு வரவேண்டிய இடம். அவளுக்கு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தம்பி பிழைப்பான். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இன்று தம்பியைக் காட்டி வெளியே நிறுத்தியவர் நாளைக்கும் நிறுத்துவார். தம்பி தேறினால், எப்படித் தேறினான் என்று கேட்டு நிறுத்துவார். இந்த நாற்காலிதான் இனி அவளுக்கு என்று ஆகிவிடும்.

கதவைத் திறந்தாள். குரல் கீச்சென்று வந்தது.

“சார், உள்ள அஞ்சு பேர்தான் இருக்கீங்க. தீர்மானம் செல்லாது.”

தலைவர் பார்வை மேசையைச் சுற்றி வந்தது. மற்றவர்களும் ஒருவரை ஒருவர் எண்ணினார்கள். பிறகு அவர் புன்னகை செய்தார்.

“அவ்வளவுதானே? வந்து உக்காருங்க மேடம். நீங்க பேசவே வேணாம், சும்மா ஒரு ஆளா இருங்க.”

“முடியாது சார். என் தம்பி பரீட்சை எழுதறான். விதி.”

“தலைவர் நான் அனுமதி குடுக்கறேன்.”

அவள் கதவுப் பிடியை விடவில்லை. “டீ குடிக்கறப்ப எங்கிட்ட சொன்னீங்களே சார், அதை எல்லார் முன்னாடியும் ஒரு தடவை சொல்லுங்க. வரேன்.”

யாரோ இருமினார்கள். பேனா ஒன்று உருண்டு கீழே விழுந்தது, எடுக்க ஆளில்லை. கடைசியில் மேசைக் கோடியில் இருந்தவர் ஃபைலை மூடினார். “அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவெச்சிடலாம் சார்.”

கலைந்து போகும்போது தலைவர் அவள் அருகே ஒரு கணம் நின்றார். குசலம் விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

“தம்பி எந்த சென்டர்ல எழுதறார்?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. “நல்லா எழுதச் சொல்லுங்க” என்று தோளில் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

வாசலுக்கு வருவதற்குள் தம்பியின் போன்.

“அக்கா! சம்பளம் வந்துச்சு, உடனே பரீட்சை ஃபீஸைக் கட்டிட்டேன். பழைய ரேட்டுதான். ஏறப்போகுது ஏறப்போகுதுன்னு எல்லாரும் பயமுறுத்தினானுங்க, ஒண்ணும் ஏறலை பாரு.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“எவ்வளவு வாங்கினா பாஸ்?”

“உனக்குத் தெரியாததா? பாதி வந்தாப் போதும்.”

“போதாதுடா” என்றாள். “பாதி போதாது. யாரும் கைவெக்க முடியாத அளவுக்கு வாங்கணும்.”

அவன் உற்சாகமாகச் சிரித்தான். “என்ன, முதல் ரேங்க்கே கேப்பே போலிருக்கே!”

“ஆமாடா” என்றாள். வாசல் படிகளை எண்ணத் தொடங்கினாள்.