இடைவேளைப் பேச்சு

எங்கள் ஊர் ரொட்டிக் கடை வரிசையில் நான் நிற்பதைப் பார்த்தால் பின்னால் வருகிறவர்கள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். எதிர்முனையில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் லக்ராஸ் ஆட்டத்தின் நியாயம் பேச ஆரம்பித்துவிடுவேனோ என்ற பயம்தான் காரணம். அவர்கள் பயப்படுவதிலும் தப்பில்லை.

என் பெயர் லென் யாவோர்ஸ்கி. பென்சில்வேனியாவில் பிரையர் க்ரீக் அரசு உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார், பெண்கள் லக்ராஸ் அணிக்குக் கோச். என் வாதம் எளிமையானது. எங்கள் பள்ளியில் சேர வேண்டுமென்றால் எங்கள் ஊர் எல்லைக் கோட்டுக்குள் குடியிருக்க வேண்டும். ஆஷ்கோம்ப் அகாடமி மாதிரியான தனியார் பள்ளிக்குக் கோடே கிடையாது. சுற்றுவட்டாரத்தில் எங்கே நல்ல ஆட்டக்காரி இருந்தாலும், கட்டணத்தைத் தள்ளுபடி செய்து அள்ளிக்கொண்டு போகலாம். கடைசியில் மாநிலப் போட்டியில் அவர்களும் நாங்களும் மோத வேண்டும். இது என்ன நியாயம்? இதைக் கேட்டு மாநிலச் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசி, மைக் பிடுங்கப்பட்ட பெருமையும் எனக்கு உண்டு.

ஜோலீன் டுடெக்கை ஆஷ்கோம்ப் கூப்பிட்டபோதும் அப்படித்தான் பேசினேன். எங்கள் அணியின் முன்னணி ஆட்டக்காரி அவள். அப்பா கூரை வேலை பார்க்கிறவர். முழுக் கட்டணமும் தள்ளுபடி என்று அந்தப் பள்ளி சொல்லி அனுப்பிய மறுநாளே அவர்கள் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய அம்மா வைத்த கொழுக்கட்டை ஆறி விறைத்துப் போகும்வரை பேசினேன். நீ போனால் அவர்கள் ஜெயிப்பார்கள், நீ இருந்தால் நாம் ஜெயிப்போம் என்றேன். அவள் இருந்தாள். நாங்கள் ஜெயிக்கவில்லை. தொடர்ந்து இரண்டு வருஷமும் அரையிறுதியில் ஆஷ்கோம்ப்பிடமே தோற்றோம். இந்த வருஷம் அவளுக்குக் கடைசி. மறுபடியும் அரையிறுதி, மறுபடியும் ஆஷ்கோம்ப். கோப்பை கிடைக்காவிட்டால் போகட்டும். ஒரு பெண்ணின் வாய்ப்பை என் வாயால் கெடுத்துவிட்டேனோ என்ற பயம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம்.

ஆட்டத்தன்று காலையிலிருந்தே மழை. மழையில் எங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. லக்ராஸ் ஸ்டிக்கின் தலையில் இருக்கிற வலையில்தான் பந்தை ஏந்தி ஓட வேண்டும், எறிய வேண்டும். எங்கள் பிள்ளைகளின் வலை தோல் பட்டையும் கயிறும் சேர்த்துப் பின்னியது. நனைந்தால் தளர்ந்து தொங்கும். வலையில் பந்தை வைத்தால் அதைச் சுற்றியிருக்கிற சட்டத்துக்கு மேலே பந்து கொஞ்சமாவது தெரிய வேண்டும் என்பது விதி. தெரியாவிட்டால் அந்த ஸ்டிக் செல்லாது. அதனால் மழை ஆட்டத்தில் இடைவேளை என்றால் கயிற்றை இழுத்துக் கட்டுகிற நேரம். தண்ணீர் குடிப்பதுகூட அப்புறம்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஆஷ்கோம்ப் பெண்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுடையது மெழுகு ஏற்றிய வலை, மழைக்கு அசையாது. நாங்களும் வாங்கியிருக்கலாம். பெற்றோர்கள் ப்ரெட்சல் ரொட்டி விற்றுச் சேர்த்த பணம் இருந்தது. ஆனால் என் யோசனைப்படி அது டி-ஷர்ட்டுக்குப் போனது. மார்பில் பெரிய எழுத்தில் ‘எல்லோருக்கும் ஒரே கோடு’. எழுத்து நன்றாக வந்திருந்தது.

இடைவேளையில் ஆறுக்கு ஆறு. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். எனக்கோ நெஞ்சு முட்டப் பேச்சு.

“லென், பேச்சு அப்புறம். பிள்ளைங்க மொதல்ல கயிறை இழுக்கட்டும்” என்றாள் பெக் மல்ஹெர்ன். அவள் எனக்கு உதவிக் கோச். எனக்கு உதவுவது எவ்வளவு கஷ்டம் என்பதை யாரிடமும் மறைக்காதவள்.

“ரெண்டே நிமிஷம், பெக்.”

“உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா? போன தடவை உன் ரெண்டு நிமிஷத்துல நான் பாதி ஸ்வெட்டர் பின்னிட்டேன்.”

ஜோலீன் ஏற்கெனவே விரலைக் கயிற்றில் கோத்துவிட்டிருந்தாள்.

“ஜோலீன், அதைக் கீழ வை. என் கண்ணைப் பாரு” என்றேன்.

“கோச், ஒரு நிமிஷம், இது...”

“கீழ வைம்மா.”

வைத்தாள். எல்லோரும் வைத்தார்கள். ஈரப் புல்லில், வலை வானத்தைப் பார்க்க, ஸ்டிக்குகள் மழையைக் குடித்தபடி கிடந்தன. எங்கள் பள்ளிக்குப் படியளக்கிற சொத்துவரியில் தொடங்கினேன். அங்கிருந்து எல்லைக் கோட்டுக்குப் போனேன், கோட்டிலிருந்து ஆஷ்கோம்ப்பின் கூரை போட்ட மைதானத்துக்கு. எங்கள் கோல்கீப்பர் கண்ணைத் துடைத்தாள். என் பேச்சில் உருகிவிட்டாள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன். பாத்ரூமுக்குப் போகணும் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அழுதாளாம், அப்புறம் பெக் சொன்னாள். ஹாரன் அடித்தபோதுதான் நிறுத்தினேன். அதுவும் பாதியில்.

இரண்டாம் பாதி மூச்சுமுட்ட ஓடியது. மூன்று நிமிடம் இருக்கும்போது ஆஷ்கோம்ப்பின் தலியா ரென் ஒரு கோல் போட்டாள். பத்துக்கு ஒன்பது. இந்தத் தலியா எங்கள் கோட்டுக்குள் பிறந்த பெண். அவர்கள் வீட்டுச் சமையலறையிலும் போய்ப் பேசினேன், தப்பித்துவிட்டாள். அவள் ஸ்டிக்கைத் தூக்கிக் குதித்தபோது வலை தொங்குவது போல எனக்குப் பட்டது.

எதிரணியின் ஸ்டிக்கைச் சோதிக்கச் சொல்வதற்கு விதியில் இடமுண்டு. ஆனால் ஆட்டம் முடிகிற நேரத்தில் அதைக் கேட்பது, விருந்துக்குப் போன வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பது மாதிரி. கோச்சுகள் யாரும் செய்ய மாட்டார்கள்.

“வேணாம் லென்” என்றாள் பெக்.

நான் கையைத் தூக்கிவிட்டேன். நடுவரம்மா பந்தைத் தலியாவின் வலையில் வைத்துப் பார்த்தார். பந்து சட்டத்துக்கு மேலே முழு நிலா மாதிரி தெரிந்தது. புகார் பொய்த்ததால், எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே டைம்-அவுட் தண்டமாகப் போனது. ஆஷ்கோம்ப் பெற்றோர்கள் கைதட்டினார்கள், எனக்குத்தான்.

அதற்குப் பிறகு ஜோலீன் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடைசி அரை நிமிடத்தில், மூன்று பேர் மறித்து நிற்க, தோளை இறக்கி நடுவே புகுந்து, விழுந்துகொண்டே எறிந்தாள். கோல்! பத்துக்குப் பத்து. பெக்கின் ஈரத் தொப்பிக்கு நான் முத்தம் கொடுத்தேன். என் இரண்டு வருஷத்துப் பாரம் இறங்கியது. இனி யார் தடுக்க முடியும் என்று நினைத்தேன்.

ஆஷ்கோம்ப் கோச் பிரிசில்லா கென்ட், குடையை மடக்கிக்கொண்டு, நிதானமாக நடுவரிடம் நடந்து போவதைப் பார்த்தேன்.

“அந்தப் பொண்ணோட ஸ்டிக்கையும் கொஞ்சம் பாத்துடுங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நான் இதைக் கேட்டதே இல்ல, மிஸ்டர் யாவோர்ஸ்கி. கேக்கலாம்னு ஞாபகப்படுத்துனதே நீங்கதான்.”

நடுவரம்மா பந்தை வைத்தார். நனைந்த காலுறைக்குள் போட்டது மாதிரி அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சட்டத்துக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை. அவர் குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், பாவம், அவருக்கே மனசில்லை. கோல் செல்லாது என்று கையசைத்தார். ஜோலீன் நடுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பத்துக்கு ஒன்பதிலேயே ஆட்டம் முடிந்தது.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்தார்.

“என்ன லென், வழக்கமான பேச்சுதானே? போன வருஷம் சொன்னதையே போட்டுக்கவா?”

வாயைத் திறந்தேன். கூரை மைதானம், மெழுகு வலை, கோடு இல்லாத பள்ளிக்கூடம் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. எல்லாமே உண்மையும்கூட. பக்கத்தில் ஜோலீன் ‘எல்லோருக்கும் ஒரே கோடு’ டி-ஷர்ட்டைப் பிழிந்து அதைக் கொண்டு ஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மழை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் பெஞ்சுது, கோச்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

“அந்தப் பொண்ணு இடைவேளையில கயிறை இழுக்கப் போனா. நான்தான் கீழ வைக்கச் சொன்னேன். இதைப் போட்டுக்கோங்க” என்றேன். பத்திரிகைக்காரர் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் பக்கம் அவளோடு நடந்தேன். “என்னை மன்னிச்சிடு ஜோலீன். உன்னைப் பேசவே விடல நான்.”

“பரவால்ல கோச். அன்னைக்கு எங்க வீட்டுலயும் அப்படித்தான். நான் ஒண்ணு சொல்ல வந்தேன். நீங்க பேசிட்டே இருந்தீங்க.”

“என்ன சொல்ல வந்தே?”

நிஜமாகவே கேட்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்குப் போகணும்னு ஆசையா இருந்துச்சு, கோச்.”

பஸ்ஸில் ஏறிப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். நான் முன்வரிசையில் பெக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி நெடுஞ்சாலைக்கு வந்தும் நான் ஒரு வார்த்தை பேசாததைப் பார்த்து, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா என்று பெக் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.