கிளட்ச் தின்னி

"டிங்... டிங்... டிங்!"

டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு துடித்தது. ரயில் நிலையத்தின் பாதாள கார் நிறுத்தத்திலிருந்து மேலே ஏறும் சரிவு. முன்னால் ஏழெட்டு வண்டிகள், பின்னால் ஏழெட்டு. நடுவில் எட்டு மாதமே ஆன அந்த ஆட்டோமேட்டிக் கார், மூச்சு முட்டியதுபோல் உதறிக்கொண்டு நின்றது. எதுவோ கருகும் நாற்றம் உள்ளே ஏறியது.

"என்னடா தம்பி, அடுப்பை அணைக்காம வந்துட்டீங்களா?" என்றாள் பின் சீட்டிலிருந்த நாத்தனார். ரயிலை விட்டு இறங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"ஒண்ணுமில்லக்கா, முன்னாடி போற வண்டி புகையுது," என்றார் ஓட்டிக்கொண்டிருந்த கணவர்.

பக்கத்து சீட்டிலிருந்த மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க அதுதான் வசதி. இந்த மணிச் சத்தத்துக்காகத்தான் அவள் எட்டு மாதமாகக் காதைத் தீட்டி வைத்திருந்தாள்.

"நல்லவேளை இவ ஓட்டலை," என்றாள் நாத்தனார். "கிளட்ச் தின்னி கையில இருந்திருந்தா இந்நேரம் வண்டியே பொசுங்கியிருக்கும்."

அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் கணவர். அதைச் சொந்தக்காரர் வீடெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நாத்தனார்.

கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் ஒரு குட்டிக் கார் இருந்தது. கியர் மாற்றி ஓட்டுகிற சாதாரண வண்டி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஏழு மணிக்கெல்லாம் வேலை. எட்டு வருஷம் அதில்தான் போய்வந்தாள்; ஒரே கிளட்ச் பிளேட். கல்யாணமானதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் ஓட்டத் தொடங்கினார். மூன்றே வருஷத்தில் இரண்டு பிளேட் தேய்ந்தது. "பெடல்லேர்ந்து காலை எடுத்தாத்தானே! கிளட்சையே தின்னுடுவா," என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். பிறகு அவளைக் கேட்காமலே அந்த வண்டியை விற்றுவிட்டு இதை வாங்கினார். உள்ளே இரண்டு கிளட்ச், மிதிக்கப் பெடல் கிடையாது, எல்லாம் தானாக நடக்கும் என்றார். சாவியை அவள் கண்ணில்கூடக் காட்டவில்லை. அவள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள்.

வண்டி வந்த அன்றே அதன் கையேட்டை அவள் வரி விடாமல் படித்திருந்தாள். மேட்டில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்க வேண்டும். ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடித்தால் உள்ளே கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூடேறிக் கருகிவிடும். கட்டம் போட்டு எச்சரித்திருந்தார்கள்.

"என்னங்க, மேட்டுல பிரேக்..." என்று முதல் வாரமே ஆரம்பித்தாள்.

"பாடம் நடத்துறது யாரு பாரு! ரெண்டு பிளேட்டைத் தின்னு ஏப்பம் விட்டவ!"

அன்று வாயை மூடியவள், மறுநாள் புகழத் திறந்தாள். "பிரேக்கே தொடாம மேட்டுல அப்படியே தொங்க விடுறீங்களே, எப்படிங்க?" அவ்வளவுதான். மனுஷன் ஒரு சரிவையும் விட்டுவைக்கவில்லை. ஆபீஸ் வாசல், மேம்பாலம், சிக்னல், எல்லா இடத்திலும் ஆக்சிலேட்டரில் ஒற்றைக் கால்விரலை ஊன்றி வித்தை காட்டினார். அவளும் சலிக்காமல் வாயைப் பிளந்தாள்.

இப்போது வண்டி கடைசியாக ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது. பின்னாலிருந்த ஹாரன்கள் ஒன்றாகக் கத்தின.

இழுவை வண்டியில் தொற்றிக்கொண்டு மூவரும் சர்வீஸ் சென்டர் போய்ச் சேர்ந்தார்கள். கார் கூடவே வந்தது, முன் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு. சர்வீஸ் இன்ஜினியர் ஒரு பெண். வண்டிக்குள் வயரைச் செருகி, மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "சார், மேட்டுல ஆக்சிலேட்டர்லயே நிறுத்துவீங்களா?"

"நானா? இருபத்தேழு வருஷமா ஓட்டுறேன்ம்மா."

"ஆயிரத்து முந்நூறு தடவை பதிவாகியிருக்கு. ரெண்டு கிளட்சும் கரி."

கணவரின் கண் ஒரு சுற்று சுற்றி, வழக்கமான இடத்தில் வந்து நின்றது. "இவ எப்பவாவது எடுத்து ஓட்டியிருப்பா. நான் இல்லாத நேரத்துல."

இதற்காகவும் அவள் காத்திருந்தாள். "எத்தனை மணிக்குன்னு அதுல இருக்குமா மேடம்?"

"இருக்கே. முக்கால்வாசி காலைல ஒன்பதுலேர்ந்து ஒன்பதரைக்குள்ள."

"நான் ஏழு மணிக்கே ஊசியும் கையுமா நிப்பேன். மிச்ச நேரம் சாவி உங்க தலையணைக்கு அடியிலதானே இருக்கு? நீங்க தூக்கத்துல ஓட்டினீங்களா என்னங்க?"

வயரைச் சுருட்டிய இன்ஜினியர் குனிந்து சிரித்தாள். கணவரின் காது சிவந்தது.

நாத்தனார் மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, பெடல் இருக்கிற பழைய வண்டியிலயும் மேட்டுல இப்படியே நிறுத்தினா, பிளேட்டு போயிடுமா?"

"பெடலைப் பாதி மிதிச்சு, அரை கிளட்ச்ல தாங்குறதுதானே மேடம்? எந்த வண்டியானாலும் போயிடும். பழக்கம்தான் காரணம். ஒருத்தர் பழக்கம் வண்டி மாறினா மாறாது."

நாத்தனார் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். தனக்காகத்தான் கேட்டாள் என்று நினைத்து மனைவிக்கு உள்ளுக்குள் வெல்லம் கரைந்தது.

"பத்து நாள் ஆகும்," என்றாள் இன்ஜினியர். "அதுவரைக்கும் மாற்று வண்டி தரோம். ஆனா மேனுவல்தான் இருக்கு. யார் பொறுப்புல எடுக்கிறீங்க?"

கணவர் கையை நீட்டினார். இன்ஜினியர் சாவியை நீட்டவில்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பதிவைப் பார்த்துட்டு உங்க கையில கொடுத்தா என் வேலை போயிடும்."

மனைவி கையெழுத்துப் போட்டாள். சாவி உள்ளங்கையில் விழுந்ததும் ஒரு கணம் இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஓட்டுநர் சீட்டில் அவள் உட்கார்ந்தபோது, முன் சீட்டில் நாத்தனார் ஏறிக் கதவைச் சாத்தினாள். கணவர் பின் கதவை இழுத்தார். திறக்கவில்லை. பூட்டை அழுத்தியிருந்தது மனைவியின் விரல்தான்.

"ஏய், திற! நான் எப்படி வர்றது?"

"ரெண்டு பஸ்தாங்க. மாறுற இடத்துல கூட்டமா இருக்கும், கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

வாசலில் செங்குத்தான மேடு. குறுக்கே ஒரு லாரி வந்ததால் பாதியில் நிறுத்தினாள். கை பிரேக்கை இழுத்தாள். லாரி போனதும் கிளட்சை விட்டு, பிடிப்பு வந்ததும் பிரேக்கை இறக்கினாள். வண்டி ஓரங்குலம்கூடப் பின்வாங்காமல் ஏறியது. கண்ணாடியில் கணவர் கையை ஆட்டியபடி ஓடிவருவது தெரிந்தது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்த தம்பி. நாத்தனார் முகத்துக்காகவாவது நிறுத்தலாமா என்று அவள் கால் பிரேக் மேல் போனது.

"நிறுத்தாதம்மா, போ... நாங்க ரெண்டு பேரும் ஓட்டின எங்கப்பா வண்டியில கிளட்ச் எரிஞ்சப்போ, 'அக்கா பெடல்லேர்ந்து காலையே எடுக்க மாட்டா'ன்னு சொல்லி என் சாவியைப் பிடுங்க வச்சவன் இவன்தான். இருபத்தாறு வருஷமா என் கால்தான் கோளாறுன்னு நானும் நம்பிட்டேன்."