தலைவியம்மாவின் முன்னூற்றுப் பதினேழு வருடங்கள்

தலைவியம்மா எண்பத்தொன்றாம் வயதில் காலமானபோது முன்னூற்றுப் பதினேழு வருடங்கள் வாழ்ந்திருந்தார். இதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. இருபத்திரண்டு வயதுவரை எல்லோரையும் போல ஒருத்தியாகத்தான் இருந்தார். தையல்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்த மூன்றாம் வாரம் பலராகிவிட்டார். வேறென்ன செய்வார் பாவம், ஊரில் அத்தனை வேலை கிடந்தது. முதலில் பார்த்தவர் தையல்காரர்தான். தெருக்குழாயடியில் தன் மனைவி குழாய் ரிப்பேர்காரரை வாங்கு வாங்கென்று வாங்குவதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரும்பினால், அதே மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். மனிதர் மறுநாள் போய் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். அடுத்த மாதம் இன்னொரு தடவை மாற்றினார்.

பிறகு பழகிவிட்டது. ஒரு உடுப்பு தைத்துக் கொடுத்தால் அதே உடுப்பில் நாலு மனைவிகள் வாசலைத் தாண்டி நாலு திசைக்குப் போனார்கள்; துணிக்கடைக்காரர் மட்டும்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மகளும் மகனும் வீட்டில் இருந்தவரின் வயிற்றில்தான் வளர்ந்தார்கள், ஆனால் நகராட்சிக் கூட்டத்திலும் பள்ளிக்கூடத் திறப்புவிழாவிலும் இருந்தவர்களும் அதே நேரத்தில் வாந்தியெடுத்தார்கள். பெண்கள் சங்கம் அமைந்தது, தலைவி யாரென்று கேட்கவே யாருக்கும் தோன்றவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி வந்தது, சாராயக் கடை போனது, பேருந்து ஊருக்குள் நின்றுபோக ஆரம்பித்தது. எல்லாம் ஒரே வாரத்தில் நடந்த மாதிரி ஐம்பத்தொன்பது வருடங்கள் ஓடிப்போயின. தையல்காரருக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஒரு முள். மேடையில் அதட்டுகிறவள், அதிகாரியை அழவைக்கிறவள்தானே அசலாக இருக்க வேண்டும்? அப்படியானால் தன் பக்கத்தில் உட்காருகிறவள்? ஊருக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டுத்துணியா? கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம், பொத்தான் தைத்தபடியே வீட்டுத் தலைவியம்மா சாய்ந்துவிட்டார். மற்றவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்து அதே கட்டிலில் படுத்தார்கள்; ஒருவருக்கான இடம்தான் பிடித்தது. சான்றிதழ் எழுத வந்த டாக்டரிடம் ஒரே ஒரு படிவம்தான் இருந்தது, அதனால் ஒரு மரணம் என்றே பதிவாயிற்று. வந்தது எத்தனை பேர் என்று அந்த அமளியில் யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்?

பதினோராம் நாள் சங்கக் கட்டடத்தில் இரங்கல் கூட்டம். அந்தச் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு, தலைவியம்மா போட்டது: இரங்கல் கூட்டத்தில் யாரும் வெறுமனே புகழக் கூடாது, தேதியும் நேரமும் சொல்லி நடந்ததைச் சொல்ல வேண்டும். வினை அங்கேதான் வந்தது. பெரும் வெள்ளம் வந்த செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, என் வகுப்புப் பிள்ளைகளைத் தலைவியம்மா மாடியேற்றிக் காப்பாற்றினார் என்றார் தலைமையாசிரியை. அதே செவ்வாய், அதே பத்து மணி, என் பொண்ணுக்குப் பிரசவம் பார்த்தார் என்றார் லாரி டிரைவர். அணைக்கட்டு மதகுக்காரரும் எழுந்து, அதே பத்து மணிக்குத் தலைவியம்மா தன் காதைத் திருகி மதகைத் திறக்கவைத்ததாக ஒத்துக்கொண்டார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் செவ்வாய் பத்து மணிக்கு அவள் தன்னோடு மேசைமேல் கால் தூக்கி உட்கார்ந்துகொண்டு, வெள்ளத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இதைப் போய் எப்படிச் சபையில் சொல்வது? சந்தேகமே இல்லை, தனக்கு வாய்த்தது துண்டுதான். கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு தலைவியம்மா வந்தார். கக்கத்தில் ஒரு கோப்பு.

"பாலத்துக்குக் கையெழுத்து வாங்கியாச்சு! பன்னெண்டு நாள் தலைநகர் ஆபீஸ் பெஞ்சுலயே உக்கார வெச்சுட்டான் அந்த அதிகாரி. விடுவேனா நான்?"

பழக்க தோஷம், எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடித்த பிறகுதான் முழித்தார்கள். தலைவியம்மா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், காலி நாற்காலியைப் பார்த்தார், புரிந்துகொண்டார். "நாலு பேருமா?" என்று மட்டும் கேட்டார். மகள் தலையசைத்தாள். தையல்காரர் எழுந்து நின்றார். இப்போது விட்டால் எப்போது?

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. வீட்டுல இருந்தவ அசலா, இல்ல நீங்கெல்லாம் அசலா?"

"அசலாவது நகலாவது! என்னங்க பேச்சு இது? தினம் காலையில அஞ்சு பேரும் சீட்டு குலுக்கிப் போடுவோம். யாருக்கு விழுதோ அவதான் அன்னிக்கு உங்ககூட வீட்டுல இருப்பா. மத்தவங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு ஊருக்கு உழைக்கப் போவோம்." கோப்பை மேசைமேல் போட்டார். "அம்பத்தொம்பது வருஷம். எனக்கு மட்டும் ஒரு தடவகூட விழலைங்க."

தையல்காரர் வாய்விட்டு அழுதார், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தார். பிறகு சபை முன்னிலையில், வயசுக்கு மரியாதையில்லாமல், அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சங்கம் அங்கேயே தீர்மானம் போட்டு, பாலம் முதல் குழாய்வரை வேலைகளை நாற்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்தது. நாற்பது பேருக்கும் மூச்சு வாங்கியது. நகராட்சி எழுத்தர் குடும்ப அட்டையில் அடித்த பெயரை, மை காயும் முன்பே திரும்ப எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் தலைவியம்மா தையல் மிஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார், முன்னும் பின்னும் அசைந்து பார்த்தார்.

"இதுக்கா இத்தன அடிதடி? முதுகு ஒடியுதே!"

"அப்ப எந்திரி, நல்ல நாற்காலி போடுறேன்."

"தொட்டீங்கன்னா தெரியும்," என்றார். பொழுது சாயும்வரை அதைவிட்டு எழுந்திருக்கவேயில்லை.