தண்ணி ஏறும் வரைக்கும்

நைனாவின் கடைவாயில் வழிந்த பாலை அர்ஜுனன் துடைத்துக்கொண்டிருந்தபோது, சக்கரபாணி மறுபடியும் ஜன்னலில் முகத்தை வைத்தார்.

“எப்படி இருக்காரு?”

“இருக்காருங்க.”

அந்தப் பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. கார்த்திகைத் தேர் தெருமுனை வளைவில் சிக்கிக்கொண்டு நின்றது. தெருவில் பிணம் கிடந்தால் தேர் உள்ளே வராது. தேர் தாண்டுவதற்குள் அர்ஜுனனின் அப்பா, கிழவர் சுப்பன், போய்விட்டால், மேளமும் இல்லாமல் பாடையும் இல்லாமல் பின்சந்து வழியாக அள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். தெருவுக்குப் பெரியவரான சக்கரபாணிக்குத் தேர்க் கவலை. மகனுக்குச் சந்துக் கவலை.

“பேசாம இப்பவே பின்பக்கமா தூக்கினு போயி வச்சிடலாமே அர்ஜுனா. ஒரு முன்னேற்பாடுதான்.”

“உயிர் இருக்குதுங்க.”

“யாரு இல்லைன்னாங்க? போயிடுச்சுன்னா?”

“தேர் கூடத்தான் காலையிலேர்ந்து அசையாம நிக்குது. அதை யாராச்சும் தூக்கிட்டாங்களா?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். இந்த வாயால்தான் அவன் தையல் கடைக்கு ஆள் வரத்து கம்மி என்பது அவன் மனைவி பாஞ்சாலையின் கட்சி. அவள் அடுப்படியிலிருந்து முறைத்தாள். சக்கரபாணி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார்.

கட்டிலில் சுப்பன் கண்ணைத் திறந்தார். “கதவைத் தெறந்துட்டானா?”

வீட்டுக் கதவையல்ல. பக்கிங்காம் கால்வாயில் பட்டணத்துக்கு விறகுப் படகு ஓட்டியவர். சின்ன வயதில் அர்ஜுனனும் கூடப் போயிருக்கிறான். பள்ளத்துத் தண்ணீருக்கும் மேட்டுத் தண்ணீருக்கும் நடுவில் ஒரு பெரிய கல்தொட்டி; லாக்கு என்பார்கள். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவைச் சாத்திவிட்டு மேல்மதகைத் திறப்பார்கள். தண்ணீர் பொங்கிப் படகைத் தூக்கும். கிணறு மாதிரி தலைக்கு மேல் நின்ற பாசிச்சுவர் மெல்ல மெல்லக் குள்ளமாகும். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வராத வரை முன்கதவை யானை தள்ளினாலும் அசையாது.

“இன்னும் இல்ல நைனா. தண்ணி ஏறல.”

“பின்னால படகுங்க காத்துனு கிடக்குதுடா.”

“கிடக்கட்டும். லாக்குக்காரன் சோறு துன்னப் போயிருக்கான்.”

சட்டை நாளைக்கு ரெடி என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். நைனா நம்பினார். மூச்சு இழுத்தது, நின்றது. அர்ஜுனனுக்கும் நின்றது. பிறகு இழுத்தது.

திடீரென்று தெரு முழுக்க ஒரே குரலாகக் கத்தியது. கட்டில் அதிர்ந்தது. தேரின் நிழல் ஜன்னலை அடைத்துக்கொண்டு நகர, அறை இருண்டது. பாஞ்சாலை நின்ற இடத்திலேயே கும்பிட்டாள். அர்ஜுனன் கும்பிடவில்லை, அந்த மார்பு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தான். வெளிச்சம் திரும்பியது. தேர் வீட்டைத் தாண்டித் தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது.

“தெறந்துட்டானா?”

இனிமேல் பொய்க்கு அவசியமில்லை.

“இன்னும் கொஞ்ச நேரம், நைனா.”

சுப்பனின் உதடு லேசாகக் கோணியது. “போடா. செவுரு குட்டையாயிடுச்சு.”

அடுத்த மூச்சுக்காக அர்ஜுனன் குனிந்தபடியே இருந்தான்.

வடம் பிடித்த வியர்வையோடு சக்கரபாணி வாசலில் வந்து நின்றார். “தேர் தாண்டிடுச்சுப்பா. எப்படி இருக்காரு?”

“தூங்குறாருங்க.”

சக்கரபாணி கட்டிலைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார்.