பின் இடது கண்ணாடி

அந்த ஊரில் காருக்குள் இருப்பவர்கள் சொல்லாமல் விழுங்கிய பேச்சு கண்ணாடியின் உள்பக்கம் படியும். வெளியே நின்று விழுங்கியவர்களின் பேச்சு வெளிப்பக்கம் படியும். துடைக்கிறவர் வாயில் அது தானாக வரும், அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் போகாது. உள்ளே மேலிருந்து கீழாக, வெளியே குறுக்காகத் துடைப்பார்கள். கோடு மிச்சமிருந்தால் எந்தப் பக்கத்து அழுக்கு என்று அப்போதுதான் தெரியும்.

வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸில் மரியதங்கத்துக்குப் பதினைந்து வருடமாக இதுதான் வேலை. மாமியாரைத் திட்டிக்கொண்டே ஒரு கண்ணாடி, கல்யாணம் வேண்டாமென்று கெஞ்சிக்கொண்டே ஒரு கண்ணாடி. எல்லாம் அடுத்தவர் பேச்சு, வாளித் தண்ணீரோடு போய்விடும்.

ஒரே ஒரு கண்ணாடியை மட்டும் அவள் தொட்டதில்லை. அவள் புருஷன் அருளப்பனின் வாடகைக் காரில் பின் இடது கண்ணாடி. ஆறு வருடத்துக்கு முன்னால், மூச்சுத் திணறிய மகள் பிளெஸ்ஸியை அந்த ஓரத்தில் உட்கார வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. கேட் திறந்தபோது பிள்ளைக்கு மூச்சு இல்லை.

அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியில் பாலாடை மாதிரி ஒரு படிவு. பிள்ளை கடைசியாக விழுங்கியது அதுதான் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். அம்மா ஏன் வரல என்றிருக்குமோ என்று அவளுக்குப் பயம். அப்பா ஏன் வேகமா ஓட்டல என்றிருக்குமோ என்று அவனுக்குப் பயம். சவாரிக்கு வந்தவர் யாராவது அதில் கை வைத்தால் போதும், பாதி வழியிலேயே இறக்கிவிட்டுவிடுவான்.

ஒரு நாள் வண்டிக்கு எஃப்.சி., தகுதிச் சோதனை. "இந்தத் தடவ ஒரு கண்ணாடி மங்கலா இருந்தாலும் வண்டிய உடைக்க அனுப்பிருவாங்களாம். நீயே துடைச்சிரு தங்கம். அத வேற யாரும் சொல்லக் கூடாது," என்றான் அருளப்பன்.

ஈரப் பேப்பரோடு அவள் பின்சீட்டில் ஏறினாள். என்ன வந்தாலும் வரட்டும், எம்புள்ள பேச்சுதானே என்று மேலிருந்து கீழாக இழுத்தாள். வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. பேப்பரும் வெள்ளையாகவே இருந்தது.

"ஏங்க, உள்ள ஒண்ணுமே இல்லையே."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். அவ எதையும் முழுங்கல."

அருளப்பன் தலையை உள்ளே நீட்டித் தானும் பார்த்தான். "ஆமா. கேட்டுல கூட்ஸ் பெட்டிய எண்ணிக்கிட்டே இருந்தா. மூச்சு வாங்க வாங்க, முப்பத்தெட்டு வரைக்கும் சத்தமாத்தான் எண்ணினா," என்றான்.

மரியதங்கம் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, வெளிப்பக்கம் வந்து நின்றாள். பிள்ளையைக் கொண்டுபோன அன்றைக்கும் வீட்டு வாசலில் இதே கண்ணாடிக்கு வெளியேதான் நின்றாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். பேப்பரைக் குறுக்காக இழுத்தாள்.

"நானும் வர்றேன்," என்றாள்.

படிவு ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பாவி நான், அன்னைக்கே சொல்லியிருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பின்கதவு உள்ளேயிருந்து திறந்தது. சீட்டில் யாரோ நகர்ந்து இடம் விடும் சத்தம் கேட்டது. அவள் ஏறி உட்கார்ந்தாள். அருளப்பன் எஃப்.சி.க்குப் போகாமல் வண்டியை ஆஸ்பத்திரி ரோட்டில் திருப்பினான்.

ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது.

"முப்பத்தொம்பது," என்றது பக்கத்து இடம்.

"நாப்பது," என்றாள் மரியதங்கம்.