விழுமியங்கள் பக்கத்தின் கடைசி வரி

கூட்டம் நூலக அறையில், மாலை நாலு மணிக்கு. பள்ளியில் அதற்கு வேறு இடம் இல்லை. ஏழு வயதுக் குழந்தைகளுக்கான நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நிர்வாகக் குழுவிலிருந்து மூன்று பேர், தலைமையாசிரியை டெனிஸ், கூட்டக் குறிப்பு எழுத நான். அலுவலகம், வருகைப் பதிவு, இணையதளம், இந்தக் குறிப்புகள் எல்லாம் என் வேலைதான். சின்னப் பள்ளி.

ஸ்டேசி இன்னும் வரவில்லை. அவளுடைய பத்து வயது மகள் கெய்லீயை டெனிஸ் பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கியிருந்தார். அந்த நீக்கம் செல்லுமா, குழந்தையைத் திரும்பச் சேர்க்க வேண்டுமா என்பதை அந்த மூவரும் அன்று முடிவு செய்ய வேண்டும்.

"ஹீட்டர் ஓடுதா டெனிஸ், இல்ல அதையும் நீக்கிட்டீங்களா?" என்றார் ஆர்னால்ட் டன்ஸ்டல். குழுவின் தலைவர். வீட்டுக்கடன் சங்கத்தில் முப்பது வருடம் மேலாளராக இருந்தவர். யாரோ சிரித்தார்கள். நான் தாளின் மேலே தேதியை எழுதினேன்.

ஸ்டேசி முதியோர் இல்லத்துச் சீருடையோடு வந்தாள். மழையில் நனைந்த கோட்டைக் கழற்றவில்லை. டெனிஸ் தன் அறிக்கையைப் படித்தார். கெய்லீ இரண்டு முறை மற்றவர்களைக் கடித்தது. ஒரு முறை ஜன்னலை உடைத்தது. கடைசியாக அக்டோபரில் தூக்கி எறிந்த ஒரு நாற்காலி, ஆசிரியையின் மணிக்கட்டு முறிவு. படித்து முடிக்க ஏழு நிமிடம் ஆயிற்று.

"நடந்தது நடந்ததுதான். இல்லன்னு சொல்ல நான் வரல," என்றாள் ஸ்டேசி. "மிஸ்ஸுக்கு மன்னிப்புக் கேட்டு லெட்டர் எழுதியிருக்கா. ரெண்டு பக்கம். ஆனா இத மட்டும் படிச்சுக்கிறேன்."

கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். எங்கள் இணையதளப் பக்கம். மேலே பள்ளிச் சின்னம், கீழே 'எங்கள் நெறிகளும் விழுமியங்களும்'. அன்பு, மரியாதை, விடாமுயற்சி எல்லாவற்றையும் தாண்டி நேராகக் கடைசி வரிக்குப் போனாள். விரலை அதன் அடியில் வைத்துப் படித்தாள்.

"'எந்தக் குழந்தையையும் நாங்கள் கைவிடுவதில்லை.'"

அவ்வளவுதான். தாளை மேசைமேல் வைத்தாள். ஹீட்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. எழுத எதுவும் இல்லாததால் என் பேனா நின்றது.

அந்த வரி என்னுடையது.

ஐந்து வருடத்துக்கு முன், பள்ளிகளை மேற்பார்க்கும் ஊர்க் கவுன்சிலிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. பள்ளி இணையதளத்தில் சட்டப்படி இருக்க வேண்டியவை. எங்கள் தளத்தில் நெறிகளும் விழுமியங்களும் இல்லை. "நாலு மணிக்குள்ள ஏதாவது போட்டுடு லோர்னா," என்றார் டெனிஸ். பக்கத்து ஊர்ப் பள்ளிகள் இரண்டின் தளங்களைத் திறந்து அதிலிருந்து ஒன்று, இதிலிருந்து ஒன்று எடுத்தேன். அன்று என் மேசைக்கு அடியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. அப்போது ஐந்து வயது. காலையில் ஒரு மணி நேரம் காணாமல் போய், கோட்டுகள் தொங்கும் இடத்தில் கோட்டுகளுக்குப் பின்னால் கிடைத்தாள். வகுப்புக்குப் போக மாட்டேன் என்றாள். யாருக்கும் நேரமில்லை, என்னிடம் விட்டார்கள். பழைய தாள்களை ஸ்டேப்ளரால் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கடைசி வரியை நானாக எழுதினேன். எழுதினேன் என்பதையே அப்புறம் மறந்துவிட்டேன்.

அந்தக் குழந்தை கெய்லீ. குறிப்பு எழுதுபவர் கூட்டத்தில் பேசக் கூடாது. நான் பேசவில்லை. விதி இல்லாவிட்டால் பேசியிருப்பேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

முடிவெடுக்கும்போது ஸ்டேசியும் டெனிஸும் வெளியே போக வேண்டும். போனார்கள்.

"வெப்சைட்ல ஆயிரம் போடுவாங்க," என்றார் டன்ஸ்டல். "எங்க சங்கத்துல 'உங்க கனவே எங்க கனவு'ன்னு வாசல்லயே எழுதியிருந்தோம். அதுக்காக கேட்டவங்களுக்கெல்லாம் வீடு குடுத்தோமா?"

"கை ஒடிஞ்சிருக்கு, ஆர்னால்ட்," என்றார் மற்றவர். மூன்றாமவர் தலையாட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நீக்கம் உறுதியானது.

ஸ்டேசியை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். வெளியிலிருந்து வேறொரு குழு மறுபடி விசாரிக்கும்படி பதினைந்து பள்ளி நாட்களுக்குள் கேட்கலாம் என்றும் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள். தாளை எடுக்காமலே எழுந்தாள். வாசல்வரை கூடப் போய்க் கதவைத் திறந்துவிடுவது என் வேலை.

"அந்தப் பக்கத்த யாரு எழுதுனாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்."

என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள். "அவ சேந்த புதுசுல அதப் பாத்துட்டுத்தான் நிம்மதியா வேலைக்குப் போனேன்."

அவள் போன பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வாசலில் ஈரக் காலடிகள் இருந்தன. அவற்றைத் துடைத்தேன்.

மறுநாள் காலை டெனிஸ் என் மேசைக்கு வந்தார். கையில் தேநீர், எனக்கும் ஒன்று.

"அந்தக் கடைசி வரிய எடுத்துடு லோர்னா. நாளைக்கு இன்னொருத்தர் அதத் தூக்கிக்கிட்டு வருவாங்க."

"சரி."

"அப்புறம் அந்தத் தாள கோப்புல சேர்க்காத. கூட்டத்துக்கு அஞ்சு நாள் முன்னாடியே அவங்க குடுத்திருக்கணும். குறிப்புலயும் வேண்டாம். அம்மா பேசினாங்கன்னு போட்டா போதும்."

"சரி," என்றேன்.

டெனிஸ் கெட்டவர் இல்லை. முறிந்த கையோடு ஒரு ஆசிரியை வீட்டில் இருக்கிறார். அவர் வகுப்பை டெனிஸே மூன்று வாரமாக எடுக்கிறார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

பக்கத்தைத் திறந்தேன். வரியைத் தேர்ந்து அழித்தேன். அது இருந்த இடம் தெரியவில்லை. கீழே இருந்த முகவரி ஒரு படி மேலே ஏறிவந்தது. பக்கம் முன்னைவிடக் கச்சிதமாக இருந்தது. ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். தேநீர்தான் ஆறிப்போனது.

பிறகு குறிப்பை எழுதினேன். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, டெனிஸ் சொன்னது, ஸ்டேசி சொன்னது. 'பள்ளி இணையதளத்திலிருந்து அச்செடுத்த பக்கத்தைத் தாயார் கூட்டத்தில் படித்தார்' என்று எழுதி, அவள் படித்ததை மேற்கோளாக வைத்தேன். கூட்டத்தன்று அந்த வரி தளத்தில் இருந்தது என்றும், மறுநாள் காலை 9.20க்குத் தலைமையாசிரியை சொன்னதன் பேரில் நீக்கப்பட்டது என்றும் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். தாளின் நகலை இணைத்தேன்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட டன்ஸ்டல் வந்தார். நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது.

"இது வேணுமாம்மா லோர்னா? டெனிஸ் வேண்டாம்னாளே."

"அவங்க படிச்சாங்க, மிஸ்டர் டன்ஸ்டல். நீங்களும் கேட்டீங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே விளையாட்டு நேரத்துக் கூச்சல். அது அடங்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கேட்டேன்," என்றார். கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

இரண்டு உறைகள். ஒன்று கோப்புக்கு, ஒன்று ஸ்டேசிக்கு. அவள் மறுவிசாரணை கேட்பாளா என்று தெரியாது. கேட்டால் அந்தக் குழு முதலில் படிப்பது இந்தக் குறிப்பைத்தான். டெனிஸும் படிப்பார். அதற்குப் பிறகு இந்த மேசையில் யார் இருப்பார்கள் என்றும் தெரியாது. உறையை மூட நாக்கில் ஈரமில்லை. ஸ்டேப்ளரை எடுத்து மூன்று இடத்தில் அடித்தேன்.