பிரான்ஸில் ஒரு வீடு

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில், மீராசாஹிபுவை எல்லோரும் ‘பாரிஸ் காக்கா’, அதாவது பாரிஸ் அண்ணன், என்றே அழைத்தார்கள். பாரிஸுக்கு அவர் போனதே இல்லை. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தவர், அவ்வளவுதான். வாரப் பத்திரிகையில் அவர் எழுதிய அரசியல் பத்தி, பிரெஞ்சு எழுத்தாளர் யாரையாவது தொடாமல் முடியாது. ஜனாதிபதியையும் ஜெனரலையும் பெயர் சொல்லியே வாங்கு வாங்கென்று வாங்குவார். எதற்கும் அஞ்சாத மனிதர் என்று ஊரில் பேச்சு.

சுனாமி அவருடைய தங்கை ஹாஜறாவின் புருஷனையும் வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோனது. மிஞ்சியது மகள் றிப்னா. வீடில்லாத பெண்ணை இந்தக் கரையில் யார் கட்டுவார்கள்? மாப்பிள்ளை வந்து குடியேறுவதே பெண்ணின் வீட்டில்தானே. வீடிழந்தவர்களுக்குக் கட்டிய புது வீடுகளைப் பங்கிட்ட குழுவின் தலைவர் சாலிஹ், ஹாஜறாவை விட்டுவிட்டு அவளுக்குரியதைத் தன் ஆள் ஒருவனுக்குக் கொடுத்தார்.

“காக்கா, நீங்க பேப்பர்ல ஒரு சொல்லு எழுதினாப் போதும். ஒங்களுக்குப் பயந்து தருவாங்க,” என்று வந்து நின்றாள் ஹாஜறா.

“ஓம் புள்ள, எழுதுறன்,” என்றார்.

ஆனால் சாலிஹ், மீராசாஹிபுவின் மனைவி றம்லாவின் தமையன். மீராசாஹிபு குடியிருந்ததோ றம்லாவுக்குச் சீதனமாக வந்த வீட்டில். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதா? பேனையைத் திறந்தால் கை ஓடவில்லை. கடைசியில் பிரெஞ்சுக்காரர்களே கைகொடுத்தார்கள். அந்தக் காலத்தில் தங்கள் மன்னனைத் திட்ட நினைத்தவர்கள், பாரசீகத்துச் சுல்தானைத் திட்டுவதாகக் கதை கட்டினார்கள். பாரிஸ்காரன் புரிந்துகொண்டு சிரித்தான். மீராசாஹிபு அதைத் திருப்பிப் போட்டார். பிரான்ஸின் கடலோரக் கிராமம் ஒன்றில், மகளோடு தனித்துப்போன மீனவ விதவையின் வீட்டைத் தட்டிப் பறித்த ஊர்த்தலைவனின் கதையை எழுதினார். அழகாகத்தான் எழுதினார், பாவி மனுஷன்.

ஊர் புரிந்துகொள்ளவில்லை. “பிரான்ஸிலயும் இப்பிடி அநியாயமா!” என்று தேநீர்க்கடையில் உச்சுக்கொட்டினார்கள். சாலிஹுக்குப் புரிந்ததோ என்னவோ, “நல்லாரிக்கி மச்சான்,” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். றிப்னாவைப் பெண் பேசி வந்தவர்கள் வேறிடம் பார்த்துப் போனார்கள். ஹாஜறாவுக்கு வாசிக்கத் தெரியாது. காக்கா எழுதியும் நடக்கவில்லை என்றே நம்பினாள்.

யுத்தம் முடிந்த வருஷம் அவருடைய கட்டுரைகள் புத்தகமாக வந்தன. வெளியீட்டுக்குத் தலைமை சாலிஹ். பொன்னாடை போர்த்தி, அந்தக் கதையைத்தான் எடுத்து உருக உருக வாசித்தார். தகரக் கொட்டிலிலிருந்து வந்து பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாஜறா, முதன்முதலாக அதைக் கேட்டாள். பொன்னாடை மீராசாஹிபுவின் தோளில் நெருப்பாகச் சுட்டது. நேரடியாக எழுதியிருக்கலாமே, ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

கூட்டம் கலைந்ததும் அவள் கிட்ட வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“காக்கா, அந்தப் பொம்புளக்கிப் பொறகு ஊடு கெடைச்சா?”

“இல்ல புள்ள.”

“பாவம்,” என்றாள் ஹாஜறா. “எழுதிக் கேக்க அவக்கு ஒரு காக்கா இருக்கல்ல போல.”